போனை மாற்றாதீர்கள், ஜன்னலைத் திறங்கள்



போன வாரம் நாகநதிப் பாலத்தில் நின்று எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். கீழே ஒருவன் எழுதினான்: "இன்னா சார், படம் இவ்ளோ டல்லா கீது? உங்க போன்ல மெகாபிக்சல் பத்தாது சார். இப்ப 108 வந்துடுச்சி, மாத்திடுங்க." அதற்குப் பதினேழு பேர் லைக் போட்டிருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் என்னிடம் ஒளியியல் பாடம் படித்தவர்கள். வகுப்பில் தூங்கியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

அங்கேயே இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அதே வாரத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம்மூர்ப் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இன்றைக்கும் தறியில் உட்கார்ந்திருக்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம். இடையில் ஆள் இல்லாமல் தானே விற்கலாம் என்று சேலைகளைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நல்ல முயற்சி. கோயம்புத்தூரில் ஒரு வீட்டார் அப்படிப் படம் பார்த்து, மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு சேலை வாங்கினார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை. படத்தைக் காட்டியே ரவிக்கைத் துணி எடுத்துத் தைத்தும் விட்டார்கள். சேலை போய்ச் சேர்ந்தது. மறுநாளே திரும்பி வந்தது. "படத்தில் குங்குமச் சிவப்பு, வந்தது வேறு நிறம். ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு குரல் பதிவு.

அந்தக் குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினான். பதினான்கு நாள் கணவனும் மனைவியுமாக உழைத்த சேலை. போகவர கூரியர் பணம் அவன் கையிலிருந்து போனது. அதைவிட 'ஏமாற்றிவிட்டீர்கள்' என்ற சொல்தான் அவனைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். வீட்டுப்பாடம் எழுதாத நாளில்கூட "எழுதல சார்" என்று எழுந்து நின்றவன்.

கடைசியில் சொன்னான்: "எல்லாம் இந்தப் பழைய போனால வந்தது சார். கடையில பேசிட்டேன். பதினெட்டு மாசத் தவணை."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. எண்ணிக்கையைக் காட்டித் தரம் என்று நம்பவைக்கும் விளம்பரத்தின் மேலும், அதை அப்படியே திருப்பிச் சொல்லும் உங்கள் மேலும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் கையில் இருக்கும் கேமராக்கள் நம்மைவிட நன்றாக ஆடத் தெரிந்தவை. கூடமும் நேராகத்தான் இருக்கிறது. படம் கெடுவதில் பெரும்பங்கு படம் எடுக்கும் முன்பும் எடுத்த பின்பும் நாம் செய்யும் வேலைகளால். இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு மறுக்கலாம்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு என்னிடம் 5 மெகாபிக்சல் சின்ன கேமரா ஒன்று இருந்தது. நன்றாகத்தான் உழைத்தது. அதை ஓரம்கட்டிவிட்டு, பெட்டி மேல் 20 என்று பெரிதாக அச்சிட்டிருந்த ஒன்றை வாங்கினேன். நான்கு மடங்கு தெளிவு வரும் என்று கணக்கு. ஆண்டு விழாவில் மாலை ஏழு மணிக்குப் படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், பிள்ளைகளின் முகத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள். பழைய கேமராவில் இவ்வளவு இல்லை. கேமராவைக் குறை சொல்லி என்ன பயன்? அறிவியல் வாத்தியார் நான், யோசிக்காமல் வாங்கினேன்.

ஏன் அப்படி ஆனது? கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் தகடு ஒன்று இருக்கிறது. உணரி என்பார்கள், சென்சார் என்றால் எல்லாருக்கும் புரியும். அந்த மாதிரிச் சின்ன கேமராக்களில் அதன் அளவு ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முற்றத்தில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அண்டா வைத்தாலும் அதே இடத்தில் 20 சொம்பு வைத்தாலும், முற்றத்தில் விழும் தண்ணீர் அவ்வளவுதான். சொம்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் சேரும். மெகாபிக்சல் என்பது பாத்திரங்களின் எண்ணிக்கை. மழை என்பது வெளிச்சம். மழை கொட்டும்போது சொம்பும் நிறையும். தூறலில்தான் வித்தியாசம் தெரியும். கல்யாண மண்டபத்து இரவு வெளிச்சம் கேமராவுக்குத் தூறல்.

உங்கள் 108 மெகாபிக்சல் போனும் இதைத்தான் செய்கிறது. வழக்கமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது சொம்புத் தண்ணீரை ஒன்றாக ஊற்றி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. நம்பாதவர்கள் உங்கள் போனில் ஒரு படத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 4000க்கு 3000 என்று இருக்கும். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம், அதாவது 12 மெகாபிக்சல். அது போதாதா? ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் அச்சிட்டாலும் 13 அங்குலத்துக்கு 10 அங்குலப் படம் வரும். உங்களில் எத்தனை பேர் அந்த அளவுக்குப் படம் அச்சிட்டு மாட்டியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

எண்ணிக்கை மயக்கம் தெளிய இன்னொரு செய்தி. உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்தது. அதில் மொத்தமே 10,000 பிக்சல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அங்கிருந்து 1 கோடிக்கு மேல் வந்துவிட்டோம். இதற்கு மேலும் எண்ணிக்கைதான் குறை என்றால் என்ன சொல்வது?

இன்னும் பின்னால் போகலாம். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக, மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். இன்றைக்கும் எழுத்து தெரிகிறது. அவர் படச்சுருள் வைத்து எடுக்கவில்லை, மெழுகு பூசிய காகிதத்தில் எடுத்தார். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, முக்காலியை ஆடாமல் நிறுத்தி, காத்திருந்து எடுத்தார். மெகாபிக்சல் பத்தாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, சேலைக்கு வருவோம்.

அவன் வீட்டுக்கே போனேன். எங்கே வைத்துப் படம் எடுத்தாய் என்று கேட்டேன். தறி இருக்கும் அறையைக் காட்டினான். மஞ்சள் பல்பு ஒன்று. ஜன்னலைக் கோணி போட்டு மூடியிருந்தான். சுவர் முழுக்கப் பச்சைச் சுண்ணாம்பு. போனை வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் மேல் விரல் எண்ணெய்ப் படலம், அதன் மேல் தறி அறைத் தூசு. படத்தில் நிறம் தூக்கலாகத் தெரிய ஏதோ ஃபில்டர் வேறு.

அரக்கு எப்படிக் குங்குமம் ஆனது என்பதற்கு அந்த அறையிலேயே பதில் இருந்தது.

ஒன்று, வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. மஞ்சள் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 2700 கெல்வின், நடுப்பகல் வெயில் 5500 கெல்வின் பக்கம். நம் மூளை இரண்டையும் தானாகச் சரிசெய்துகொள்ளும். கேமராவும் முயற்சி செய்யும். ஆனால் சட்டகம் முழுக்க ஒரே அரக்காக இருந்தால், வெளிச்சம் சிவப்பா, துணி சிவப்பா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஊகிக்கும். ஊகம் தப்பும். பக்கத்தில் வெள்ளை என்று காட்ட ஒரு பொருளும் இல்லை. போதாக்குறைக்குப் பச்சைச் சுவரில் பட்ட வெளிச்சம் சேலை மேல் திரும்பி விழுகிறது.

இரண்டு, எதைக் காட்டினாலும் கேமரா அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பு எருமையைச் சட்டகம் நிறைய எடுத்தால் சாம்பல் எருமையாக வரும். வெள்ளை வேட்டியை எடுத்தால் அதுவும் அழுக்காக வரும். அரக்கு ஆழமான நிறம். கேமரா அதை வெளுக்க வைத்துக் குங்குமமாக்கியது. அதே நேரத்தில் சரிகை வெளுத்து வெள்ளைக் கோடாகிவிட்டது. அப்படி வெளுத்த இடத்தில் பின்னால் எந்த மென்பொருள் போட்டாலும் ஜரியின் நெளிவு திரும்ப வராது. பதிவாகாததை எங்கிருந்து எடுப்பது?

மூன்று, மிச்சத்தை ஃபில்டர் பார்த்துக்கொண்டது.

இந்த மூன்றில் எதை 108 மெகாபிக்சல் சரிசெய்திருக்கும்? தவறான நிறத்தை இன்னும் அதிகப் புள்ளிகளில் காட்டியிருக்கும்.

அவனுடைய அதே பழைய போன். வேட்டி நுனியால் லென்ஸை மெல்லத் துடைத்தேன். காலை ஒன்பது மணி. சேலையைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். நேர்வெயில் படாத, ஆனால் வானம் தெரியும் இடம். நேர்வெயிலில் பட்டு கண்ணைக் கூசும், மடிப்பு நிழல் கறுப்பாகும். வீட்டுக்குள் விளக்கை அணைத்தோம். பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் சேலையின் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் ஆகிவிடும். ஃபிளாஷை நிறுத்தினோம். பட்டின் மேல் ஃபிளாஷ் அடிப்பது கண்ணாடி மேல் டார்ச் அடிப்பது மாதிரி. சேலைப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தோம். போனில் நிறச் சமநிலையை அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை மாற்றினோம். திரையில் சேலையைத் தொட்டால் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுத்தோம். அரக்கு அரக்காயிற்று. சரிகையில் பூ வேலை தெரிந்தது. முழங்கையைத் திண்ணைத் தூணில் ஊன்றிக்கொண்டு, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுத்தோம். பட்டனை அழுத்தும் அசைவுகூடப் படத்தில் தெரியக் கூடாது.

அவன் மனைவி படத்தையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுதாங்க நம்ம சேல" என்றார். செலவு ஒரு வெள்ளைத் தாள்.

ஆரணிப் பட்டு நெசவாளர் குடும்பங்கள் இங்கேயும் தேவிகாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் இதைப் படிப்பார்கள் என்பதால் பட்டுக்கென்றே மூன்று செய்தி சொல்கிறேன்.

மயில் கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கையில் எடுத்து ஆட்டினால்தான் இரண்டும் தெரியும். ஒரே கோணத்தில் எடுத்த படம் பாதிச் சேலையைத்தான் சொல்கிறது. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு படம் அனுப்புங்கள். முடிந்தால் மடிப்பைப் பிரிக்கும் பத்து விநாடி வீடியோவும் அனுப்புங்கள்.

இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அலை அலையாகக் கோடு தெரியும், பார்த்திருக்கிறீர்களா? சென்சாரும் ஒரு வலைதான். நெசவும் ஒரு வலைதான். சில தூரத்தில் இரண்டும் மோதிச் சேலையில் இல்லாத அலைக்கோடு படத்தில் வரும். துணி நைந்திருக்கிறது என்று வாங்குபவர் நினைப்பார். ஓர் அடி முன்னே போங்கள், அல்லது பின்னே வாருங்கள், அல்லது கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். போய்விடும்.

ராணி பிங்க் போன்ற பளீர் நிறங்கள் சிலவற்றைச் சாதாரணத் திரையால் முழுதாகக் காட்டவே முடியாது. அது போனின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. "நேரில் இதைவிட ஆழமாக இருக்கும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஃபில்டரால் நிறத்தை ஏற்றி அனுப்புவதைவிட அந்த ஒரு வரி நேர்மையானது. புவிசார் குறியீடு வாங்கிய பட்டு நம் பட்டு. அதற்கு முகப்பவுடர் எதற்கு?

ஜூமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி விழாவில் பின்வரிசையிலிருந்து இரண்டு விரலால் திரையை விரித்துப் பேரனைப் பக்கத்தில் கொண்டுவருகிறீர்களே, அதற்கென்று தனி லென்ஸ் இல்லாத போன்களில் அது ஜூம் இல்லை, வெட்டுதல். 4 மடங்கு விரித்தால் அகலத்தில் நான்கில் ஒன்று, உயரத்தில் நான்கில் ஒன்று. ஆக, பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். 12 மெகாபிக்சலில் கைக்கு வருவது முக்கால் மெகாபிக்சல். எழுந்து நான்கு அடி முன்னால் போங்கள். இதைவிட நல்ல ஜூம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனி, படம் எடுத்த பின்பு நாம் செய்யும் அநியாயம். இதை உறவினர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் வலிக்கும்.

அக்கா போன ஆண்டு காலமானது உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களில் சிலருக்குப் பெரியம்மா, சிலருக்கு அத்தை. பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் பெரிய படம் வேண்டும் என்று தேடினோம். எல்லாரும் ஒரே படத்தைச் சொன்னார்கள். கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தாரே, அந்தப் படம். எடுத்தவர் கையில் இருந்தது விலை உயர்ந்த போன். ஆனால் இடம் போதவில்லை என்று மூலப்படத்தை அழித்துவிட்டாராம். குடும்பக் குழுவில் வந்ததைச் சேமித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'காலை வணக்கம்' பூ ஒட்டி, மறுபடி அனுப்பி, கடைசியில் என் கைக்கு வந்தது 80 கே.பி. மட்டும். நான் அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். அவர் பெரிதாக்கிக் காட்டினார். "சார், இதுல முகமே இல்ல. கட்டம் கட்டமாத்தான் கீது" என்றார்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? படத்தைச் சுருக்கும் ஜேபெக் முறை 1992இல் நடைமுறைத் தரமாக வந்தது. அதன் அடியில் இருக்கும் கணக்கு 1974இல் மூன்று பேர் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் உள்ளது: நாசிர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ். நாசிர் அகமது பெங்களூரில் பிறந்தவர். நம்மவர்கள் போட்ட கணக்கு என்று பெருமைப்படலாம். படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய மாற்றங்களை வைத்துக்கொண்டு, கண் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களை விட்டுவிடும். அளவோடு செய்தால் அற்புதமான கணக்கு. சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கினால் முதலில் நுணுக்கம் போகும், பிறகு கட்டம் மட்டும் மிஞ்சும். சேலையில் நூலிழை போகும். முகத்தில் கண்ணோரச் சுருக்கம் போகும். அந்தச் சுருக்கத்தில்தானே அக்காவின் சிரிப்பு இருந்தது.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்கிப் பார்க்கலாம் என்று முயன்றார். தெளிவாகத்தான் வந்தது. கூர்மையான கண், வழவழப்பான கன்னம். ஆனால் அது அக்கா இல்லை. மூக்குத்தி ஒரு புள்ளியாகக் கரைந்திருந்தது. மேலுதட்டு மச்சத்தைக் காணோம். பதிவாகாத இடத்தை இயந்திரம் யாரோ ஒரு பெண்ணின் முகத்தால் நிரப்பிவிட்டது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் முப்பது ஆண்டுக்கு முந்தைய ஃபிலிம் படம் ஒன்றைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். நெகட்டிவ் உறையிலேயே பத்திரமாக இருந்தது. கடைசிப் பத்தாண்டில் அக்காவை ஆயிரம் படம் எடுத்திருப்போம். ஒன்றுகூட உதவவில்லை.

இதில் வாட்ஸ்அப்பைத் திட்டிப் பயனில்லை. சீக்கிரம் போய்ச் சேரத்தான் அது படத்தைச் சுருக்குகிறது. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட 2 மெகாபிக்சல். தவணை கட்டி வாங்கிய 108 மெகாபிக்சலுக்கு நீங்கள் தரும் மரியாதை இவ்வளவுதான்! 2023இல் எச்.டி. என்று ஒரு வசதி வந்தது. அதைத் தொட்டு அனுப்பினால் கொஞ்சம் மேல். முழுப் படமும் அப்படியே போக வேண்டுமானால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை போகும். ஒரு படம் சில எம்.பி.தான் இருக்கும். என்ன கஷ்டம்?

இனி உங்கள் மறுப்புகள். வரும் என்று தெரியும், நானே எழுதிவிடுகிறேன்.

"சார், புது போன் இரவில் நன்றாக எடுக்கிறதே?" உண்மை. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் புள்ளிகளைக் குறைக்கிறது. நல்ல தொழில்நுட்பம். ஆனால் அதற்கும் கை ஆடாமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரும் அசையாமல் இருக்க வேண்டும். விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சத்துக்கு எதிரில் ஆளை நிற்கவைத்தால் உன் பழைய போனும் நன்றாக எடுக்கும்.

"பெரிய கேமரா என்றால் வித்தியாசமே இல்லையா?" இருக்கிறது. அதன் சென்சார் பெரிது. 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரின் பரப்பு, நான் முன்பு சொன்ன நகத்தளவு சென்சாரைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. முற்றம் பெரிதானால் மழையும் கூடுதலாகச் சேரும். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர் அதை வாங்கத்தான் வேண்டும். அவருக்கு அது தறி மாதிரி. சேலை விற்கவும் பேரப்பிள்ளையை எடுக்கவும் அது தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். இருக்கும் கேமராவின் முழுத்திறனையும் பார்க்காதவருக்குப் புது கேமராவும் அதே படத்தைத்தான் கொடுக்கும்.

"நீங்க பழைய ஆளு சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?" இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியர்தான் நான். பொறியியல் படித்தவனில்லை. ஆனால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஊசித்துளை கேமரா செய்தோமே, நினைவிருக்கிறதா? செருப்பு அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் ஊசித்துளை, மறுபக்கம் எண்ணெய் தடவிய தாள். மைதானத்து வேப்பமரத்தைத் தலைகீழாகப் பார்த்துக் கத்தினீர்களே. ஒருவன் நன்றாகத் தெரியட்டும் என்று பென்சிலால் துளையைப் பெரிதாக்கினான். வெளிச்சம் கூடியது, மரம் கலங்கிவிட்டது. "ஏன் சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்றைக்கு அந்தப் பெட்டியில் ஒரு பிக்சல்கூட இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எங்கே விழுகிறது என்று மட்டும்தான் பார்த்தோம். இன்றைக்கும் பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

பாலத்துப் படம் மங்கலாக இருந்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்கு எதிரில் நின்று எடுத்தேன், லென்ஸைத் துடைக்கவில்லை. வாத்தியாரும் தப்புச் செய்வார்.

தறிக்காரப் பையன் தவணைக்குப் போகவில்லை. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே செலவழித்து ஜன்னலுக்குக் கம்பியும் கதவும் போட்டிருக்கிறான். கோணியை எடுத்துவிட்டான். படம் எடுக்க மட்டுமில்லை, தறியில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். திரும்பி வந்த சேலையைத் திண்ணையில் எடுத்த படத்தோடு மறுபடி அனுப்பியிருக்கிறான். இன்னும் விற்கவில்லை. விற்கும். இந்தமுறை வாங்குபவர் அரக்கு என்று தெரிந்தே வாங்குவார்.

எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் வீட்டில் மூத்தவர் யாரோ அவரை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முகம் வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திரும்பட்டும். டியூப்லைட்டை அணையுங்கள். அழகூட்டும் ஃபில்டரை எடுத்துவிடுங்கள், சுருக்கம் இருந்தால் இருக்கட்டும். லென்ஸைத் துடையுங்கள். ஏதாவது பேச்சுக் கொடுங்கள், பழைய கதை கேளுங்கள். அவர் சிரிக்கும்போது எடுங்கள். மூலப்படத்தை அழிக்காமல் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி அச்சுப் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.

எனக்கும் அனுப்புங்கள். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பூ ஒட்டி அனுப்பினால் மதிப்பெண் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
கண்ணமங்கலம்.